சமூகக் காடுகளும் அரசுப் பணமும்: கிராமக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்களுக்கும் கிராம சபைகளுக்கும் விண்ணப்பம் எழுதவும் கணக்குப் புத்தகம் போடவும் உதவி செய்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. காட்டுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கையில் போகிறது, நம் ஊருக்கு ஏன் வருவதில்லை, வந்தாலும் ஏன் நிற்பதில்லை? கூட்டங்களில் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுத்தில் வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது. வெளி மாநிலங்களில் நடந்ததைச் சொல்ல வேண்டிய இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

சமூகக் காடு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஏரிக்கரையில் நட்ட கருவேலமும் சமூகக் காடுதானே?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் நடந்தது. கண்மாய்களிலும் ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலும் கருவேலம் நட்டார்கள். மரம் வளர்ந்ததும் ஏலம், அதில் பஞ்சாயத்துக்கு ஒரு பங்கு. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த திட்டம் அது. தென் மாவட்டங்களில் இன்றைக்கும் பெரியவர்கள் 'சமூகக் காடு' என்றால் அந்தக் கருவேலத்தைத்தான் சொல்வார்கள்.

நான் இங்கே பேசுவது வேறு. ஒரு ஊர் தலைமுறையாகப் போய்வந்து, தேன் எடுத்து, மாடு மேய்த்து, சாமி கும்பிட்டு, எல்லை இன்னதென்று அறிந்து வைத்திருக்கும் இயற்கைக் காடு. அதை அந்த ஊரே கூடிப் பேசி, விதி வைத்து, பார்த்துக்கொள்வதுதான் சமூகக் காட்டுப் பராமரிப்பு. நட்டவர் யார் என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. முடிவெடுப்பவர் யார் என்பதே விஷயம்.

எங்கள் ஊரில் கிராம வனக்குழு ஏற்கெனவே இருக்கிறது. அது போதாதா?

வனக்குழு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் மிதுனாப்பூர் மாவட்டத்தில், அரபாரி என்ற இடத்தில், ஏ.கே. பானர்ஜி என்ற வன அதிகாரி சுற்றியிருந்த ஊர்களோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். அழிந்து கிடந்த குங்கிலியக் காட்டை ஊர் மக்கள் காக்க வேண்டும். பதிலுக்கு அவர்களுக்குக் காட்டில் வேலை, விறகு, புல், பின்னால் மரம் விற்ற லாபத்தில் 25 சதவீதம். வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்தே காடு தளிர்த்து மேலே வந்தது. அந்த அனுபவமும் 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையும் சேர்ந்துதான் 1990 ஜூன் 1ஆம் தேதியிட்ட மத்திய அரசுச் சுற்றறிக்கையாக வந்தன. அதிலிருந்துதான் நாடு முழுக்கக் கூட்டு வன மேலாண்மை, அதன் கீழ் வனக்குழுக்கள்.

தமிழ்நாட்டில் இது பெரிய அளவில் வேர்விட்டது 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில். ஜப்பான் அரசின் கடன் உதவியோடு இரண்டு கட்டமாக 2013 வரை நடந்தது. தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, மரக்கன்று, மகளிர் குழுவுக்குச் சுழல்நிதி என்று பல வேலைகள் நடந்தன. அவற்றில் நல்லதும் உண்டு. சில ஊர்களில் அந்தக் குட்டைகளால்தான் கிணற்றில் தண்ணீர் நின்றது என்று விவசாயிகளே சொல்வார்கள்.

ஆனால் வனக்குழு அரசாணையால் பிறந்த அமைப்பு. உறுப்பினர் செயலர் வனத்துறை ஊழியர், வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்தும் வேண்டும். திட்டம் இருக்கும்வரை கூட்டம் நடக்கும். திட்டம் முடிந்ததும் பாஸ்புக் பெட்டிக்குள் போய்விடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபையின் அதிகாரம் அப்படிப்பட்டதல்ல. அது நாடாளுமன்றச் சட்டத்தில் வருவது. எந்தத் திட்டம் முடிந்தாலும் அது முடியாது. உங்கள் வனக்குழு நன்றாக நடந்தால் அந்த அனுபவத்தை அப்படியே கொண்டுவந்து கிராம சபையின் கீழ் வையுங்கள் என்றுதான் சொல்வேன். கலைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சரி, காட்டுக்கான அரசுப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது?

முதலில் மாநில பட்ஜெட். சம்பளம், வாகனம், வேட்டைத் தடுப்புக் காவலர் கூலி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் போகும். அடுத்தது மத்தியத் திட்டங்கள். 2014இல் அனுமதி பெற்ற பசுமை இந்தியா இயக்கம் அதில் ஒன்று. பழைய தேசியக் காடு வளர்ப்புத் திட்டமும் பின்னால் அதோடு இணைந்துவிட்டது. மூன்றாவது வெளிநாட்டுக் கடன். ஜப்பான் அரசு 1997 முதல் தமிழ்நாட்டுக் காடுகளுக்குத் தொடர்ந்து கடன் கொடுத்து வருகிறது. அது மானியம் கிடையாது, அரசு திருப்பிக் கட்ட வேண்டிய பணம். நாம் கட்டும் வரியிலிருந்துதான் கட்டுவார்கள். அதனால் 'ஜப்பான்காரன் கொடுத்தது' என்று அலட்சியமாகப் பேசாதீர்கள்.

நான்காவது வேலைத் திட்டம். நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரியது போலவே காட்டோர வரப்பு, நீர் அகழி, மரக்கன்று வேலைகளும் நடந்திருக்கின்றன. வன உரிமைப் பட்டா பெற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு அந்தத் திட்டத்தில் கூடுதலாக 50 நாள் வேலை உண்டு என்று 2014இல் அறிவித்தார்கள். இது தெரியாமலே பல குடும்பங்கள் விட்டுவிட்டன. ஐந்தாவது பழங்குடியினர் நலத்துறை வழியாக வருவது. 2024 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய தர்தி ஆபா பழங்குடி கிராமத் திட்டத்தில் 5 வருடத்துக்கு 79,156 கோடி ரூபாய் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வீடு, சாலை, பள்ளி, மருத்துவம். ஆனால் சமூக வன வளத்துக்கு, அதாவது ஊரே நிர்வகிக்க உரிமை பெற்ற காட்டுக்கு, மேலாண்மைத் திட்டம் எழுதுவதற்கும் அதில் இடம் உண்டு. நம் ஆட்கள் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

கடைசியாக, காட்டுக்கென்றே வரும் பெரிய தொகை காம்பா, அதாவது வேறு வேலைக்கு எடுத்த காட்டுக்கு ஈடாகக் கட்டும் பணம் சேரும் நிதி. அதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

காம்பா பணம் என்கிறார்களே, அது யாருடைய பணம்?

காட்டை இழந்தவர்களின் பணம் என்பதே என் பதில். சட்டத்தின் சொல்லில் அப்படி இல்லை, ஆனால் நியாயம் அதுதான்.

சுரங்கத்துக்கோ அணைக்கோ மின்கம்பிக்கோ ஒரு காட்டுப் பகுதியை எடுத்தால், எடுப்பவர் இரண்டு விதமாகக் கட்ட வேண்டும். ஒன்று, வேறு இடத்தில் ஈட்டுக் காடு வளர்க்கும் செலவு. இன்னொன்று, அந்தக் காடு தந்த தண்ணீர், காற்று, விறகு, உயிர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வைத்த நிகர தற்போதைய மதிப்பு. இந்த மதிப்பு 2008இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் வரை இருந்தது. 2022இல் அதை உயர்த்தி, அதிகபட்சம் 15.95 லட்சம் வரை என்று திருத்தினார்கள். காட்டின் அடர்த்தியையும் வகையையும் பொறுத்துத் தொகை மாறும்.

இந்த ஏற்பாட்டின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு நாடு முழுவதும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 'காடு' என்ற சொல்லுக்கே அகராதிப் பொருளைக் கொடுத்தது. அந்த வழக்கு பல வருடம் நீண்டு, அதற்குள்ளிருந்தே ஈட்டுக் காடு நிதியும் பிறந்தது. 2016இல் அதற்கென்று தனிச் சட்டம், 2018இல் விதிகள். 2019 ஆகஸ்டில் 47,436 கோடி ரூபாயை 27 மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். சேரும் தொகையில் 90 சதவீதம் மாநிலத்துக்கு, 10 சதவீதம் தேசிய நிதிக்கு.

இவ்வளவு பணம் ஏன் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது, செலவான இடத்திலும் என்ன நடந்தது என்று கேட்டால், தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றே போதும். ஈட்டுக் காட்டுக்காகக் கிடைக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். கிடைத்தது சுமார் 28,000 ஹெக்டேர். அதில் மரம் நட்டு முடித்தது ஏழாயிரத்துச் சொச்சம். நூறு ஏக்கர் காடு போனால் ஏழு ஏக்கரில் கன்று நட்டதாகக் கணக்கு. அந்தக் கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்பது அதற்கு அடுத்த கேள்வி.

காம்பாவில் கிராம சபைக்குப் பங்கு இல்லையா?

2016 ஜூலையில் மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது இதைத்தான் கேட்டார்கள். கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லி முன்னாள் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் திருத்தம் கொண்டுவந்தார். விதிகளில் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்றைய அமைச்சர் அனில் மாதவ் தவே உறுதி சொன்னார், திருத்தம் நிற்கவில்லை. 2018இல் வந்த விதிகளில் 'கிராம சபை அல்லது கிராம வன மேலாண்மைக் குழுவோடு கலந்தாலோசித்து' என்று இருக்கிறது.

இந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். வனக்குழுவின் ஐந்தாறு பேரிடம் கையெழுத்து வாங்கினாலே ஆலோசனை முடிந்ததாகக் காட்டிவிடலாம். கலந்தாலோசனை வேறு, சம்மதம் வேறு. இருந்தாலும் விதியில் இருக்கும் அந்தச் சிறு இடத்தை விடக்கூடாது. உங்கள் எல்லைக்குள் ஈட்டுக் காடு வேலை வருகிறது என்று கேள்விப்பட்டதும் கிராம சபையைக் கூட்டி, என்ன மரம், எந்த இடம், மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானம் போட்டு மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்படி அனுப்பிய ஓர் ஊரில், புல்வெளியில் தைலமரம் நடுவதாக இருந்த வேலை மாற்றப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நிதிக் குழு காட்டுக்காக மாநிலங்களுக்குப் பணம் தருகிறதாமே?

தருகிறது, ஆனால் அது காட்டுக்கு வருவதில்லை. 14ஆவது நிதிக் குழு மத்திய வரிப் பங்கைப் பிரிக்கும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15ஆவது அதை 10 சதவீதம் ஆக்கியது. அந்தப் பணம் மாநிலத்தின் பொதுக் கருவூலத்தில் சேரும். காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அதற்கு முன் 12ஆவது குழு 1,000 கோடியும் 13ஆவது குழு 5,000 கோடியும் காட்டுக்கென்றே தனி மானியமாகக் கொடுத்தன. அதுவே நல்ல முறை என்பது என் கருத்து.

ஏன் எப்போதும் மரம் நடுவதற்கே பணம் வருகிறது?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மரம் நடுவதை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம், இத்தனை லட்சம் கன்று என்று அறிக்கையில் எழுதலாம். ஒரு காடு எரியாமல் இருந்ததை எப்படிப் போட்டோ எடுப்பது? அதனால் குழிக்குப் பணம் வருகிறது, காவலுக்கு வருவதில்லை. காட்டை வைத்திருக்கத் தேவையான வேலைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. ஜனவரியிலேயே தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும், சருகு கூட்டிப் பாதை விட வேண்டும். மார்ச், ஏப்ரலில் இரவில் ஆள் போட்டுப் பார்க்க வேண்டும். உண்ணிச்செடியைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்துக்கு மறுவருடமும் போக வேண்டும், அதற்கடுத்த வருடமும் போக வேண்டும். ஒரு வருடம் விட்டால் முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். முதுமலையில், மற்ற மரங்களை அமுக்கிப் பரவிய மஞ்சக்கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். நல்ல வேலைதான். ஆனால் வெட்டிய கட்டையில் மறுபடியும் துளிர் வரும் மரம் அது. யாராவது கூடவே இருந்தால்தான் அந்த வேலை முடியும். காட்டின் கூடவே இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம்.

இன்னொன்று, பணம் வரும் மாதம். ஒரு கிராமத்தில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட வேண்டிய கன்றுகளுக்கான பணம் பிப்ரவரி கடைசியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவைக் காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும். காய்ந்த மண்ணில் கடப்பாரை போட்டுக் குழி வெட்டினோம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். ஏப்ரல் வெயிலில் எல்லாம் போய்விட்டது. கணக்கில் எந்தத் தவறும் இல்லை, ரசீது எல்லாம் சரியாக இருந்தது. கன்று மட்டும் இல்லை. குழி வெட்டிய பெண்கள் என்னிடம் கேட்டார்கள், மழைக்காலம் எப்போது என்று அங்கே யாருக்குமே தெரியாதா என்று. எனக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை.

அழிந்த காட்டில் பல இடங்களில் நடவே தேவையில்லை. அரபாரியில் நடந்தது போல, ஆட்டையும் தீயையும் கோடாரியையும் நாலு வருடம் தள்ளி வைத்தால் வேரில் உயிருள்ள மரம் தானே எழும். அந்த நாலு வருடத்துக்கு ஊர் ஆட்கள் இரண்டு மூன்று பேருக்கு மாதக் கூலி கொடுத்தால் போதும். ஹெக்டேருக்கு ஆகும் செலவு நடுவதைவிடக் குறைவு. அரசு பணம் தருவதென்றால் இதற்குத் தரட்டும், ஒரு வருடத்துக்கு என்று இல்லாமல் பத்து வருடத்துக்குத் தரட்டும். நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இதைத்தான் முதல் பக்கத்தில் வைக்கிறேன்.

சமூக வன வள உரிமை வாங்கினால் என்ன மாறும்? எப்படி வாங்குவது?

வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(i) தரும் உரிமை அது. ஊர் வழக்கமாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம். தனிநபர் பட்டாவுக்கு 4 ஹெக்டேர் உச்சவரம்பு உண்டு, இதற்கு அப்படி வரம்பு இல்லை. ஊரின் வழக்கமான எல்லை எதுவோ அதுவே அளவு. சரணாலயம், புலிகள் காப்பகம் என்றாலும் சட்டம் பொருந்தும். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் ஊர்களுக்கு 2011இலேயே கிடைத்தது. கேரளத்தின் வாழச்சாலில் காடர் குடியிருப்புகள் ஒன்பதுக்கு 2014இல் கிடைத்தது.

தமிழ்நாட்டில் தாமதமானதற்கு ஒரு காரணம், 2008இல் வந்த நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. அந்தத் தடை போய்விட்டது. இனியும் அதைக் காரணமாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் குடியிருப்பு அளவில் கிராம சபை கூட வேண்டும். ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் கூடும் பஞ்சாயத்து கிராம சபை வேறு, பல ஊர்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. அதில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் பெரியவர்களோடு எல்லையை நடந்து பார்த்து, ஓடை, பாறை, கோவில், இடுகாடு என்று அடையாளம் குறித்து வரைபடம் போட்டு, படிவம் 'சி'யில் உரிமை கோர வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலமும் சட்டப்படி ஆதாரம்தான், அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோட்ட அளவிலான குழு பார்த்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும். பழங்குடி அல்லாத மற்ற பாரம்பரியக் காடுவாழ் மக்கள் 75 வருடம் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும்.

உரிமை வந்ததும் கிராம சபை விதி 4(1)(e)யின்படி ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். அரசுத் துறைகளிடம் பணம் கேட்க உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் அந்தத் திட்டம். நில மேம்பாடு உள்ளிட்ட திட்டங்களை உரிமை பெற்றவர்களுக்குத் துறைகள் கொண்டுசேர்க்க வேண்டும் என்று விதி 16 சொல்கிறது.

மகாராஷ்டிரத்தில் ஓர் ஊர் அரசுப் பணமே இல்லாமல் கோடிக்கணக்கில் சம்பாதித்ததாமே?

கட்சிரோலி மாவட்டத்தின் மெண்டா லேகாவைச் சொல்கிறீர்கள். கோண்டு மக்களின் சிறிய ஊர். 'டில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பது அவர்கள் முழக்கம். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை பெற்றார்கள். ஆனால் மூங்கிலை வெளியே எடுத்துப் போகப் போக்குவரத்துச் சீட்டு தர வனத்துறை மறுத்தது. 2011 ஏப்ரல் 27ஆம் தேதி அமைச்சரே நேரில் போய் அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார். அப்புறம் மூங்கில் விற்று ஒரு கோடிக்கு மேல் வந்தது. கிராம சபையின் பெயரிலேயே பான் அட்டை எடுத்தார்கள்.

பக்கத்துச் சந்திரபூர் மாவட்டத்தில் பாச்காவ் என்ற ஊரும் உண்டு. அவர்களும் மூங்கில் விற்கிறார்கள். ஆனால் நல்ல காசு தரும் பீடி இலையைப் பறிப்பதில்லை என்று தாங்களே முடிவெடுத்தார்கள். இலைக்காகக் கிளையை ஒடிக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், பழம் இல்லாமல் போகிறது என்பது காரணம். கையில் வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு கிராம சபையை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆனால் நம் ஊர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. கட்சிரோலியில் விற்பதற்கு மூங்கில் இருந்தது. உண்ணிச்செடி மூடிய காட்டை வைத்திருக்கும் ஊருக்கு விற்க எதுவும் இல்லை. காடு மீண்டு வரும்வரை, அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு, பொதுப்பணம் கட்டாயம் வேண்டும். 'அவர்களே சம்பாதித்துக்கொள்கிறார்களே' என்று சொல்லி அரசு ஒதுங்கிவிட முடியாது.

தேன், நெல்லி, கடுக்காய், பூந்திக்கொட்டைக்கு ஏதாவது நிதி உண்டா?

உண்டு. 2018இல் தொடங்கிய வன் தன் திட்டத்தில் சுமார் 300 பேர் சேர்ந்த ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். காயவைக்க, தரம் பிரிக்க, பாட்டிலில் அடைக்க, சந்தைக்குக் கொண்டுபோக என்று. சிறு வனப் பொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையும் 2013 முதல் இருக்கிறது. இயந்திரம் வாங்குவதில் அவசரப்படாதீர்கள். மின்சாரம் நிற்காமல் வரும் ஊரா, வாங்கும் வியாபாரி யார் என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

வன உரிமைச் சட்டப்படி மூங்கில், தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு எல்லாமே சிறு வனப் பொருள். அவற்றின் உரிமை சேகரிப்பவருக்கே. வெட்டுமரம் அதில் சேராது.

பணம் வந்தால் கணக்கு எப்படி வைப்பது? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் சோம்பல் கூடாது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வவுச்சர் கோப்பு, வேலைக்கு வந்தவர் பதிவேடு, இந்த நான்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். யாருடைய வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கக்கூடாது. பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பதிந்து, கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் 'போன மாசம் வேற தொகை சொன்னியே' என்று கேட்டு, விட்டுப்போன ஒரு வவுச்சரைக் கண்டுபிடிக்க வைத்ததை நான் மறக்க மாட்டேன்.

முன்பணம் வாங்கினால் பயன்பாட்டுச் சான்று தராமல் அடுத்த தவணை வராது. வேலை நடக்கும்போதே அதை எழுதத் தொடங்குங்கள். தங்கள் ஊர் ஆளுக்குக் கூலி கொடுத்ததையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

கூட்டத்தில் பெண்கள் இருந்தே ஆக வேண்டுமா?

சட்டப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு. விறகுக்கும் தண்ணீருக்கும் தினமும் காட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தாம். எந்த ஓடை வற்றியது, எந்தப் பக்கம் யானை புதிதாக வருகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆறு மணிக்கு மேல் கூட்டம் வைத்தால் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். மதியம் வையுங்கள்.

கம்பெனிகள் வந்து எங்கள் தரிசுக் காட்டில் மரம் நட்டுத் தருகிறோம் என்கின்றன. ஒப்புக்கொள்ளலாமா?

2023இல் வந்த பசுமை வரவு விதிகளின்படி, அழிந்த காட்டு நிலத்தில் நிறுவனங்கள் மரம் நட்டு வரவு (தங்கள் கணக்கில் காட்டிக்கொள்ளும் புள்ளி) பெறலாம் என்று ஆனது. 2024இல் வந்த முறைப்படி ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்று இருந்தது. அரசுக் கோப்பில் 'அழிந்த காடு' என்று இருப்பது பல நேரம் உங்கள் மேய்ச்சல் நிலம், புல்வெளி, ஈச்சம்புதர். அங்கே இத்தனை மரத்தை நெருக்கினால் மாடு எங்கே போகும்? கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் தனியாக யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமைக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் அதை எழுத்தில் தெரிவியுங்கள்.

வேறு எந்த நாட்டிலாவது இது நன்றாக நடந்திருக்கிறதா?

நேபாளத்தில். 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டைப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. குழுவின் வருமானத்தில் குறைந்தது 25 சதவீதத்தைக் காட்டுக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்பது விதி. 1990களில் நாட்டின் நிலப்பரப்பில் கால்வாசி சொச்சமாக இருந்த காடு 2010களில் 45 சதவீதம் அளவுக்கு வந்தது. மலைக்கிராமங்களிலிருந்து ஆட்கள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம். முழுப் புகழையும் குழுக்களுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் உரிமையைச் சட்டத்திலேயே குழுக்களுக்குக் கொடுத்தார்கள். நாம் பல இடங்களில் பணத்தை முன்னால் விட்டு உரிமையைப் பின்னால் வைத்தோம்.

நாங்கள் இந்த வருடமே தொடங்க வேண்டும். எந்த மாதம் என்ன செய்வது?

மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர் என்றால் செப்டம்பர், அக்டோபரில் கிராம சபையைக் கூட்டி அடுத்த வருடத்து வேலையை எழுதிவிடுங்கள். துறைகள் அடுத்த நிதியாண்டுக்கு மதிப்பீடு போடும் காலம் அது. அதற்குள் உங்கள் தாள் மேசையில் இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் எல்லையை நடந்து பாருங்கள், ஓடையில் தண்ணீர் இருக்கும், குறிப்பது எளிது. ஜனவரியில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் தீக்கோடு வெட்டிவிடுங்கள், அதற்கு மட்டும் காத்திருக்க முடியாது. வெட்டியவர் பெயரையும் நாளையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள், பின்னால் கூலி கேட்க அது உதவும். மார்ச்சில் யாராவது அவசரமாகக் கன்று கொண்டுவந்து நடச் சொன்னால், ஜூன் மழை வரை நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்ற ஒரு பந்தல் செலவு கேட்டு எழுதிக் கொடுங்கள். மே மாதம் தேன் எடுப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் உட்கார வைத்து, இந்த வருடம் எந்தப் பக்கத்தை மூடி விடுவது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பக்கம்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.